சாங்கிக்குப் போய் எதையும் பார்க்காமல் திரும்புவது எப்படி?

கற்றல் பயணப் பொறுப்பு இந்த ஆண்டு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? கலங்காதீர்கள். எண்பது பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஒருவர்கூட எதையும் கவனித்துவிடாமல், காலணி நனையாமல், பிற்பகல் ஒன்றரை மணிக்குள் பள்ளி வாசலில் இறக்கிவிடுவது முடியாத காரியம் இல்லை. சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1998இலிருந்து கற்றல் பயணம் போய்வருகின்றன. கை நன்றாகப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைச் சாங்கியில் எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஏன் சாங்கி என்றால், ஆபத்து அங்கேதான் அதிகம். இந்தத் தீவின் கிழக்கு முனையில் அறிவியலும் சமூகப் பாடமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆசிரியர் கொஞ்சம் அசந்தால் பிள்ளை இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டுவிடும். பிறகு அந்தப் பிள்ளையை எந்தத் துறைத் தலைவரிடம் ஒப்படைப்பது?

ஆகவே முதல் வேலை, பாடங்களைப் பிரித்து வையுங்கள். தொடக்கநிலை 3இல் அறிவியல் தொடங்குகிறது. பல்வகைமை, சுழற்சி, அமைப்பு, ஆற்றல், இடைவினை என்று அதற்கு ஐந்து தலைப்புகள். சமூகப் பாடம் தொடக்கநிலை 1 முதலே உண்டு. உயர்நிலை 3க்குப் போனால் சான்றுகளைக் காட்டிக் கேள்வி கேட்கும் தேர்வுப் பாடமாகிவிடும். இரண்டுக்கும் வெவ்வேறு ஆசிரியர், வெவ்வேறு பட்ஜெட், வெவ்வேறு வாட்ஸ்அப் குழு. பேருந்தும் வெவ்வேறாக இருக்கட்டும். அறிவியல் பேருந்து கடற்கரைக்குப் போகட்டும். சமூகப் பாடப் பேருந்து அப்பர் சாங்கி ரோடு நார்த்தில், 2021இல் புதுப்பித்துத் திறந்த சாங்கி தேவாலய அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். இரண்டும் சந்திக்கக்கூடிய ஒரே இடம் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையம். அங்கே நாசி லெமாக் வரிசை நீளம் என்பதால் யாருக்கும் பேச நேரம் இருக்காது.

நாள் குறிப்பது

நாள் குறிக்கும்போது பேருந்து கிடைக்குமா, அன்று பள்ளி மண்டபத்தில் தேர்வு உண்டா, முதல்வர் ஊரில் இருப்பாரா என்றெல்லாம் பாருங்கள். கடல் எப்போது வற்றும் என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

சிங்கப்பூர்க் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மீட்டர் வித்தியாசம் வரும். அப்போது சாங்கிக் கரையில் தண்ணீர் விலகிக் கடற்புல் தரை வெளியே தெரியும். கடல் சாமந்தி, நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, மணலில் பாதி புதைந்த நண்டு என்று பாடநூல் ஆசிரியர் படம் தேடி அலைந்தவை எல்லாம் காலடியில் கிடக்கும். ஆனால் இப்படிப்பட்ட நல்ல வற்றம் பெரும்பாலும் விடியலிலோ மாலையிலோதான் வரும். நிலவு பள்ளி மணிக்குக் கட்டுப்பட்டதில்லை. நீங்கள் புதன்கிழமை காலை பத்து மணி என்று போட்டுவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வீர்கள். கடல் கரையை முட்டி நிற்கும். பிள்ளைகள் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். நீங்கள் கையை நீட்டி, "இதுதான் பல்லுயிர்ச் சூழல்" என்று சொன்னால் போதும். மறுத்துப் பேச எந்த உயிரும் வெளியே வராது.

தற்செயலாக வற்றம் வாய்த்துவிட்டால்? பிள்ளைகளை நடைபாதையிலேயே நிறுத்துங்கள். இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் 'மணல்' என்ற இடர் பதிவாகவில்லை என்று சொல்லுங்கள்.

இங்கே நையாண்டியைச் சற்று ஒதுக்கிவைத்து ஒன்று சொல்ல வேண்டும். கோவிட் காலத்தில் எங்கும் பயணம் போக முடியாமல் 2021 பள்ளி விடுமுறையில் மக்கள் சாங்கிக் கடற்கரைக்கு வந்து குவிந்தார்கள். வாளி, இடுக்கி, மட்டியைக் குழியிலிருந்து வெளியே வரவைக்கும் உப்புப் பொட்டலம் எல்லாம் கையில். அகப்பட்டதைத் தோண்டி எடுத்துப் போனார்கள். இயற்கை ஆர்வலர்கள் கரையில் நின்று, எடுக்காமல் பார்ப்பது எப்படி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தை எல்லாரும் ஏசினார்கள். எனக்கு முழுக் கோபம் வரவில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பியே கடற்கரையைக் கடந்துவந்த தலைமுறை அது. முதன்முறையாக உயிருள்ள நண்டைக் கண்டதும் கை நீண்டிருக்கிறது.

பயிற்சித்தாள்

பயணத்தின் உயிர்நாடி இதுதான். கடினமான அட்டையில் கிளிப் போட்டு, கயிற்றோடு கழுத்தில் மாட்டிவிடுங்கள். பிள்ளையின் கண் தாளைவிட்டு மேலே எழக்கூடாது. கேள்விகள் எல்லாம் பாடநூலில் விடை உள்ளவையாக இருக்கட்டும். 'அலையாத்தி மரத்தின் வேர் _____ வேர் எனப்படும்' என்று கேட்டால், மரம் பக்கத்தில் இருந்தாலும் பிள்ளை நண்பனின் தாளைத்தான் பார்க்கும், அதுவே பாதுகாப்பு.

இவ்வளவு செய்தும் ஏதாவது ஒரு பிள்ளை கீழே குனிந்து கேட்கும்: "சார், இந்தக் குட்டிக் குட்டி மணல் உருண்டையெல்லாம் யார் செஞ்சது?"

இது மிக ஆபத்தான கேள்வி. உண்மையான விடை, விரல்நகம் அளவுகூட இல்லாத ஒரு நண்டு. தண்ணீர் விலகியதும் வளையிலிருந்து வந்து மணலை அள்ளி வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை உருண்டையாக்கி ஒதுக்கிவைக்கும். அடுத்த ஏற்றத்தில் அத்தனையும் கரைந்துபோகும். அடுத்த வற்றத்தில் மறுபடி முதலிலிருந்து. இதைச் சொல்லத் தொடங்கினால் பிள்ளை உட்கார்ந்துவிடும். எத்தனை உருண்டை, எவ்வளவு நேரத்தில், ஏன் வளையைச் சுற்றிக் கோடு கோடாக என்று கேட்கும். சுழற்சி, இடைவினை, ஆற்றல் மூன்றும் ஒரே குழிக்குள் போய்விடும். நீங்கள் சொல்ல வேண்டிய விடை: "அது தாள்ல இல்ல. அடுத்த கேள்விக்குப் போ."

திட்டமிட்டுத் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. கார்ப்பேட்டையில் தலை எண்ணிக்கொண்டிருக்கும்போது மேலே இருவாச்சி வந்து உட்காரும். சிங்கப்பூரில் மறைந்துபோயிருந்த பறவை. 1990களில் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. ஆய்வாளர்கள் செயற்கைக் கூடுகள் வைத்துப் பெருக்கியதில் இப்போது சாங்கி வில்லேஜ் வாசிபோல நடந்துகொள்கிறது. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் சின்னப் பிளவு வழியே வாரக்கணக்காக உணவு ஊட்டும். எண்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்ப்பார்கள். கணக்கு தவறும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள், சத்தமாக.

நினைவுக் கல்

சாங்கிக் கடற்கரைப் பூங்காவில் ஒரு கல் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 20 அன்று, சீன ஆண்கள் 66 பேரை இந்தக் கரையின் நீர்விளிம்பில் வரிசையாக நிறுத்தி ஜப்பானிய ராணுவப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியர் சீனர்களைக் குறிவைத்து நடத்திய சூக் சிங் படுகொலைகளின் இடங்களில் இது ஒன்று.

அறிவியல் பேருந்தில் வந்தவர்கள் இந்தக் கல்லைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போவார்கள். நிறுத்த வேண்டாம், அது அவர்கள் பாடம் இல்லை. சமூகப் பாடக்காரர்களோ அருங்காட்சியகத்தில் குளிர்சாதன அறையில் அதே செய்தியைப் பலகையில் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நீர்விளிம்பு எங்கே என்று தெரியாது. அந்தச் சரணடைவை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்துக்கு இரு குழுவும் பள்ளி மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்து காணொளி பார்க்கும். அந்தக் கல்லின் முன் ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள். இதைவிடத் திறமையாகப் பாடத்தைப் பிரிக்க யாராலும் முடியாது.

மரம், கிழங்கு, புல்

மரங்களைப் பற்றிப் பேச வேண்டிவந்தால் இலை வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாங்கியில் மரத்துக்கும் வரலாறு உண்டு என்பது பெரிய தொந்தரவு. 1888 முதல் வரைபடங்களிலேயே குறித்திருந்த 'சாங்கி மரம்' 76 மீட்டர் உயரம் என்பார்கள். கடலிலிருந்து வருபவர் எவருக்கும் முதலில் தெரிவது அதுதான். அதனாலேயே 1942 பிப்ரவரியில், ஜப்பானியப் பீரங்கிகளுக்குக் குறி அடையாளமாகிவிடும் என்று பிரிட்டிஷார் அதை வெட்டிச் சாய்த்தார்கள். உயரத்தை நிழலால் அளப்பது ஒரு பாடம், உயரமே மரத்துக்கு எமனானது இன்னொரு பாடம். இரண்டையும் ஒரே மாணவனுக்குச் சொல்லக் கால அட்டவணையில் இடமில்லை.

அறுபது ஆண்டு கழித்து இன்னொன்று. 2002இல் ஹால்டன் சாலையில் ஒரு பெரிய மரத்தை ஒரு நிறுவனம் அனுமதி இல்லாமல் வெட்டியது. வெட்டிய பிறகுதான் அது 'ஹோபியா சங்கால்' என்று தெரிந்தது. சிங்கப்பூரில் அற்றுப்போனதாகக் கருதியிருந்த இனம். நீதிமன்றம் 8,000 வெள்ளி அபராதம் போட்டது. அரசுக்கு இழப்பீடாக 76,035 வெள்ளி கட்டவும் நேர்ந்தது. ஒரு மரத்தின் விலையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், அது கணிதத் துறையின் வேலை என்று சொல்லிவிடுங்கள்.

மரவள்ளி, அதாவது உபி காயு, இன்னும் மோசம். ஜப்பானியர் காலத்தைப் பார்த்த பாட்டி உள்ள எந்த வீட்டிலும் உபி காயு என்றால் முகம் சுளிப்பார்கள். அரிசி கிடைக்காத அந்த மூன்றரை ஆண்டுகளில் அதையே தின்று பிழைத்தவர்கள். ஏன் அந்தக் கிழங்கு? தண்டை ஒடித்து மண்ணில் குத்தினால் முளைக்கும். நலிந்த மண்ணிலும் வளரும். தொடக்கநிலை 5 அறிவியலில் தாவர இனப்பெருக்கம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வயிறு நிரம்பும், சத்து சேராது என்பது அடுத்த பாடம். சாங்கியில் சிறைப்பட்டிருந்த போர்க்கைதிகளுக்கு வைட்டமின் குறைவால் பெரிபெரி போன்ற நோய்கள் வந்தபோது, அவர்களுடைய மருத்துவர்கள் தவிட்டையும் லாலாங் புல்லிலிருந்து பிழிந்த சாற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். லாலாங் இன்றும் சாங்கிச் சாலையோரங்களில் தலையாட்டுகிறது. பிள்ளைகள் அதை மிதித்துத்தான் பேருந்தில் ஏறுவார்கள். ஏறட்டும்.

விமானம் வரும்போது

சாங்கியில் வெளியே நின்று பேசும் ஆசிரியரின் வாக்கியத்தை விமானம் இரண்டாக வெட்டும். அந்த இடைவெளியில், "இந்த ஓடுபாதை எப்படி வந்துச்சு?" என்று யாரும் கேட்டுவிடாதபடி உடனே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். 1943, 44இல் ஜப்பானியர் போர்க்கைதிகளை வைத்து மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி இங்கே ஓடுதளம் போட்டார்கள். போருக்குப் பின் 1946இல் அது பிரிட்டிஷ் விமானப்படைத் தளமானது. 1975இல் அதே இடத்தில் பெரிய விமான நிலையத்துக்காகக் கடலை நிரப்பத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 870 ஹெக்டேர் நிலம் கடலிலிருந்து எழுந்தது. 1981 ஜூலை 1 அன்று விமானங்கள் இறங்கத் தொடங்கின. விடுமுறைக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகும்போது இந்தப் பிள்ளைகள் கிளம்புவது அந்த நிலத்திலிருந்துதான். அதற்குக் கீழே எந்தக் கரை இருந்தது, அந்தக் கரையில் என்ன வாழ்ந்தது என்பது அறிவியல். யார் தோண்டினார்கள், யாருக்குப் பயன் என்பது சமூகப் பாடம். விமானம் போய்விட்டது. அடுத்த கேள்விக்குப் போங்கள்.

தமிழாசிரியரை எங்கே நிறுத்துவது

துணைக்கு ஆள் வேண்டும் என்று தமிழாசிரியர் ஒருவரையும் அனுப்புவார்கள். மிகக் கவனமாக இருக்க வேண்டிய ஆள் இவர். கடற்கரையைக் கண்டதும் நெய்தல் என்று தொடங்கிவிடுவார். முதற்பொருளில் நிலத்தோடு பொழுதையும் சேர்த்து வைத்த இலக்கணம் அவருடையது. அதாவது, இடத்தைச் சொன்னால் போதாது, அங்கே எந்த நேரத்தில் நிற்கிறாய் என்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் கருப்பொருளைப் பட்டியல் போடும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார். உயிரியலைத் தனி அறையிலும் தொழிலைத் தனி அறையிலும் வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. இந்தச் சங்கதியை அந்த ஆசிரியர் புன்னை மரத்தடியில் நின்று சொல்ல ஆரம்பித்தால் உங்கள் பயிற்சித்தாள் என்னாவது?

தமிழர்கள்தான் இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. 1914இல் சென்னைக்கு வந்து நம் ஊர்களைச் சுற்றி ஆராய்ந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ், மலையிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிப் படம் வரைந்து, சுரங்கக்காரர், வேடர், இடையர், உழவர், மீனவர் என்று ஒவ்வொரு மட்டத்துக்கும் உரிய தொழிலை அதன் கீழே எழுதியவர். அவர் படித்தது உயிரியல். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானது சமூகவியலுக்கு. இன்றைக்கு அவரைக் கற்றல் பயணத்துக்கு அனுப்பினால் எந்தப் பேருந்தில் ஏற்றுவது என்று குழம்பியிருப்போம்.

தமிழாசிரியர் அதோடு நிற்கமாட்டார். சாங்கி வில்லேஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ ராமர் ஆலயத்தைக் காட்டி, மரத்தடி வழிபாடாக இருந்து, 1946 வாக்கில் ராம் நாயுடு என்பவரின் முயற்சியில் கோயிலானது என்பார். படைத்தளம் இருந்த இடத்தில் ஏன் ஒரு இந்தியக் கோயில், தளத்தில் யாரெல்லாம் வேலை செய்தார்கள் என்று பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குவார்கள். அவரைக் கழிப்பறை வாசலில் நிறுத்துங்கள். தலை எண்ண அங்கேயும் ஆள் தேவை.

உபின் வேண்டாம்

சாங்கி முனையில் படகுத்துறை இருக்கிறது. எதிரே உபின் தீவு. எக்காரணம் கொண்டும் பிள்ளைகளை அந்தப் படகில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அங்குள்ள செக் ஜாவா கரைக்குப் போய்ச் சேர்வார்கள். ஒரு பள்ளிப் பயணம் எவ்வளவு தூரம் கைமீறிப் போகும் என்பதற்கு அந்த இடமே சாட்சி.

2000 டிசம்பரில் தாவரவியலாளர் ஜோசப் லாய் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு அங்கே போனார். மண் கொட்டி நிரப்புவதற்கென்று குறித்துவைத்திருந்த கரை அது. வற்றத்தில் அங்கே கிடந்த உயிர்களைப் பற்றிச் செய்தி பரவியது. 2001இல் மக்கள் சாரிசாரியாகப் போய்ப் பார்த்தார்கள். தொண்டூழியர்கள் கயிறு கட்டிக் கணக்கெடுத்தார்கள். அரசுக்கு மனுக்கள் போயின. 2002 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பவ் டான் அறிவித்தார்: வளர்ச்சித் திட்டங்களுக்கு உபின் தேவைப்படாதவரை நிரப்பும் வேலை ஒத்திவைக்கப்படும். ஒத்திவைப்புதான், கைவிடுதல் இல்லை. இந்த வேறுபாடு புரிந்த பிள்ளைக்கு உயர்நிலை 3 சமூகப் பாடத்தில் பாதி முடிந்தது.

2007இல் நடைபாலம் திறந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் இன்னொரு பாடமும் நடந்தது. ஜொகூரில் கொட்டிய மழையின் வெள்ளம் நீரிணைக்குள் வந்து கடலின் உப்பைக் குறைக்க, செக் ஜாவாவில் கடல் சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒத்திவைப்பு காப்பாற்றிய கரையை அண்டை நாட்டு மழை தொட்டுவிட்டது. பின்னர் உயிர்கள் மெல்லத் திரும்பின. இதை எந்த வகுப்பில் நடத்துவது என்று இதுவரை யாரும் முடிவு செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

கடற்கரைக் குப்பை பொறுக்கும் பயணத்துக்கும் இதே எச்சரிக்கை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக உயிரியல் விரிவுரையாளர் ந. சிவசோதி பல ஆண்டுகள் ஒருங்கிணைத்த அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவில் பிள்ளைகள் பொறுக்குவதோடு விடுவதில்லை. ஸ்ட்ரா எத்தனை, போத்தல் எத்தனை, நுரைப்பெட்டித் துண்டு எத்தனை என்று வகை பிரித்து எழுதுகிறார்கள். எழுதினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பைகளைக் கட்டி, படம் எடுத்து, பதாகையை நன்றாக விரித்துப் பிடித்து, கிளம்பிவிடுவது நல்லது.

திரும்பும் வழியில்

பேருந்தில் எல்லாரும் தூங்கிவிடும் முன் சிந்தனைத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். 'நான் இன்று குழுவாகச் செயல்படக் கற்றேன்' என்று எண்பது தாளிலும் வரும். பயணம் வெற்றி. அறிக்கையில் 'பாட ஒருங்கிணைப்பு' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அறிவியலும் சமூகப் பாடமும் ஒரே நாளில் வெளியே போயின அல்லவா?

இந்த வழிகாட்டி ஆசிரியர்களுக்கு. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: உங்களுக்குப் படிவம், கிளிப் அட்டை, இடர் மதிப்பீடு எதுவும் தேவையில்லை. வற்ற நேரம் இணையத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை கிளம்புங்கள். எதையும் எடுக்க வேண்டாம், பிள்ளை கேட்கும் கேள்விக்கு இது எந்தப் பாடம் என்றும் யோசிக்க வேண்டாம். செக் ஜாவாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சாங்கி முனையிலிருந்து படகுக்கு ஆளுக்கு 4 வெள்ளி. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடும்.